நூற்றுவர் தலைவன் கவசமும் ரேடியோ அக்காவும்

அக்கா பேசுவது கேட்க வேண்டுமானால் நாம்தான் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு மெல்லிய குரல். மிக்சியை ரிப்பேருக்குக் கொண்டுவந்த ஒரு மீன்காரம்மா, கால் மணி நேரம் சைகையிலேயே பேசிவிட்டு, வெளியே வந்து என்னிடம், "பாவம், வாய் பேசாத பொண்ணு. எவ்ளோ வேல தெரிஞ்சி வச்சிருக்குது பாரேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அதை அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

அப்படிப்பட்டவளுக்குத் தொழில் என்ன தெரியுமா? சத்தம்தான். ஆம்ப்ளிஃபயர், மைக், குழாய் ஸ்பீக்கர், டேப்ரெக்கார்டர், டிவி. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எங்கள் தெருவுக்கே அவள் ரேடியோ அக்கா. ஐ.டி.ஐ. படித்தவள். வீட்டு முன்னறையில் நீள மேஜை போட்டு, அதன்மேல் குடலைப் பிடுங்கிய இருபது பெட்டிகளைப் பரப்பிவைத்து, சால்டரிங் புகைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். ஊரில் எந்தக் கல்யாணத்தில் மைக் கத்தினாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும்.

நான் 2004-ல் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தவள். தையல்காரி. என் மெஷினுக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். வந்த புதிதில் ஒருநாள் அவள் வாசலில் வந்து நின்றாள். "பாப்பா, உன் மெஷின் கீழ்ப்பக்கம் எண்ண கேக்குது. காலைலேர்ந்து அழுவுது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்துகொண்டு என் மெஷினுக்கு நாடி பார்த்திருக்கிறாள்! திறந்து பார்த்தால் பாபின் பக்கம் வறண்டு கிடந்தது.

மனுஷர்களையும் அப்படித்தான் கணக்குப் போடுவாள். நான் பால்காரனோடு சண்டை போட்டு முடித்ததும், "உனக்கு ட்ரெபிள் ஜாஸ்தி பாப்பா. கொஞ்சம் கொறச்சிக்க, அவனுக்குக் காது வலிக்கும்" என்பாள். எங்கள் மாதா கோவில் பங்குச் சாமியாருக்கு மைக்கில் எக்கோ வைக்கட்டுமா என்று யாரோ கேட்டதற்கு, "வேணாம். அவுரே ஒண்ண மூணு வாட்டி சொல்றாரு" என்றாள். கோவிலுக்குள் நின்றுகொண்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவள் வீட்டுக்காரருக்கோ கடவுள் குரலை வாரிக் கொட்டியிருந்தான். அவரைப் பற்றி மரியாதையாகவே ஆரம்பிக்கிறேன், கடைசிவரை இந்த மரியாதை தாங்குமா என்று சொல்ல முடியாது. ஆறடி ஆள். செம்மங்குப்பம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்க அவர் எழுந்து நின்றால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். என் வீட்டுக்காரருக்கு அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். தெருவில் பாதிப் பேருக்கு அவர் மச்சான், மீதிப் பேருக்கு மாமா.

சுற்றி வளைப்பானேன். அவர் அவளை அடிப்பார்.

முதல் ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் மூன்று மணிக்கு வருவார். குழம்பில் உப்பு குறைந்தால் அடி. ரிப்பேருக்கு வந்த ஆள் சிரித்துப் பேசினால் அடி. ஒன்றுமில்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பதற்கு அடி. பெல்ட்டால். அவள் கத்த மாட்டாள். பெல்ட் விழும் சத்தமும் அவர் குரலும் மட்டும் வரும். முதல் தடவை கேட்டபோது என் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவிக் கால் விரலில் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை. மறுநாள் காலை அவர் கோவிலில் நின்று அன்பே பிரதானம் என்கிற வாசகத்தை வாசித்தார். அதைக் கேட்டுக்கொண்டு நானும் கை குவித்து நின்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அக்காவின் பிறந்த வீடு சிதம்பரம். அம்மா அப்பா இல்லை, ஒரே ஒரு அண்ணன். அவர் சொல்லிவிட்டார்: "சும்மா வந்தீன்னா புருஷன உட்டுட்டு ஓடி வந்தவன்னுதான் பேசுவாங்க. உங்க கோயில்ல ஒரு வார்த்த சொல்லட்டும், இந்த மாதிரி நடக்குதுன்னு. அப்புறம் வந்து ஆயுசு பூரா இரு." அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "ஆமாம், கேட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

அவள் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர், விசாரிக்கச் சொல்லிப் பங்குப் பெரியவர்கள் மூன்று பேரை அனுப்பினார். அவர்கள் அவள் வீட்டுக்குப் போய்விட்டு நேரே என்னிடம் வந்தார்கள். பக்கத்து வீடு நான்தானே.

"ஏம்மா, அந்தப் பொண்ணு என்னென்னமோ சொல்லுது. உனக்கு எதனா சத்தம் கித்தம் கேட்டிருக்குதா?"

என் வீட்டுக்காரர் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். வேலை.

"ஒருநாளும் கேட்டதில்ல மாமா" என்றேன். "அவுங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கறாங்க."

பெரியவர்கள் நிம்மதியாக எழுந்தார்கள். காப்பிகூடக் குடித்துவிட்டுப் போனார்கள். வாசலுக்கு வந்து பார்த்தால் அக்கா அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. செத்தோம் என்று நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்து நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி பாப்பா" என்றாள். மறுநாள் எப்போதும்போல ஒரு கிண்ணம் மீன்குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

இது நடந்து ஒரு வருஷம் கழித்துத்தான் கவசம் வந்தது. ஆனால் கவசத்தைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பாஸ்கு நாடகத்தைச் சொல்ல வேண்டும்.

தவக்காலத்தில் கோவில் மைதானத்தில் மேடை போட்டு இயேசுவின் பாடுகளை நடிப்போம். நடிக்கிறவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள்தான். இயேசு, ஆட்டோ ஓட்டுகிற சூசை. உடுப்பெல்லாம் நான் தைப்பேன். மைக் மட்டும் மேடைக்கு மேலே கயிற்றில் மூன்றே மூன்று தொங்கும். அதனால் யார் என்ன பேசினாலும் மைக்குக்குக் கீழே வந்து நின்றுதான் பேச வேண்டும். சூசை தோட்டத்தில் முழந்தாளிட்டு ஜெபிக்க முடியாது, முழந்தாளிட்டால் மைக்குக்கு எட்டாது. நின்றபடியே அண்ணாந்து ஜெபிப்பார். யூதாஸ் முத்தம் கொடுக்க வந்தால் மைக்குக்குக் கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லி அவரை முழங்கையால் இடிப்பார். நூற்றுவர் தலைவன், அதாவது ரோமைப் படைத் தளபதி, நம் ஆறடி ஆள்தான். எல்லோரையும் தள்ளிக்கொண்டு நடு மைக்கைப் பிடித்துக்கொள்வார்.

சாட்டையடிக் காட்சியில் எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் மைதானத்தில் இருக்கிற அத்தனை சனமும் "தயவாயிரும் சுவாமி" என்று சொல்லும். சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. அடி விழுந்தால் வாய் தானாகச் சொல்லும். சின்னப் பிள்ளையிலிருந்து அப்படியே வந்த பழக்கம்.

அந்த வருஷம் ஒத்திகை ஆரம்பித்த அன்று அக்கா சாமியாரிடம் போய், "தளபதி கவசத்துக்குள்ளயே மைக்கும் சத்தமும் வச்சித் தரேன் ஃபாதர். எங்க நின்னு பேசனாலும் கேக்கும். நடந்தா இரும்புச் சத்தம், அடிச்சா சாட்டச் சத்தம்" என்றாள். அவர் இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டார். அவள் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என் பொண்டாட்டிக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குது" என்று எல்லோரிடமும் சொன்னார். நானும்தான் நம்பினேன். சமாதானமாகப் போய்விட்டார்கள்போல என்று நினைத்து, என் மனசிலிருந்த பாரத்தையும் ஓசைப்படாமல் இறக்கிவைத்துக்கொண்டேன். வெட்கம் கெட்டவள்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். ரப்பர் ஷீட்டை நான் வெட்டினேன், மேலே அலுமினியத் தகடு, அதன்மேல் தங்கப் பெயின்ட். நெஞ்சில் ஒரு சிங்க முகம். சிங்கத்தின் வாயில் பொடிப் பொடியாக ஓட்டை போட்டு, பின்னால் ஒரு கார் ஸ்பீக்கரை வைத்தாள். முதுகில் யு.பி.எஸ். பேட்டரி, கல்லு மாதிரி கனம். அது சரிந்து விழக்கூடாதென்று நான் முதுகுப்பக்கம் ஏழு பக்கிள் வைத்துத் தைத்தேன். போட்டுக்கொள்ளவும் கழற்றவும் இன்னொரு ஆள் வேண்டும்.

மைக்கைத் தலைக்கவசத்துக்குள் கன்னத்தோரமாக, குளியல் ஸ்பாஞ்சுத் துண்டைச் சுற்றி வைத்தாள். முதல் நாள் போட்டுப் பார்த்தபோது அந்தக் கவசம் போட்ட ஊளையில் தெருநாய் எல்லாம் ஓடிப்போயின. நெஞ்சு ஸ்பீக்கரில் வருகிற சத்தத்தைக் கன்னத்து மைக் திரும்பப் பிடித்துக்கொண்டால் அப்படித்தான் ஆகுமாம். "தான் சொல்றத தானே கேட்டுக்கினு இருந்தா ஊளதான் பாப்பா வரும்" என்றாள். அப்புறம் வழியை மாற்றினாள். நெஞ்சு ஸ்பீக்கருக்குச் சத்தம் மட்டும் போகும், பேச்சு போகாது. பேச்சும் சத்தமும் சேர்ந்து, கவசத்துக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்மிட்டர் வழியாகக் காற்றில் போகும். மேடைக்குக் கீழே ஒரு எஃப்.எம். ரேடியோ அதைப் பிடிக்கும். ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயர், ஆம்ப்ளிஃபயரிலிருந்து மைதானத்தைச் சுற்றி எட்டுக் குழாய்.

செருப்பின் குதிகாலில் ஒரு சுவிட்ச் வைத்தாள். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் எட்டுக் குழாயிலும் 'ணங்' என்று இரும்பு மிதிக்கும். வலது கையுறைக்குள் காலிங் பெல் பட்டன். அதை அழுத்தினால் இடுப்பிலிருந்த சின்ன எம்.பி.த்ரீ பெட்டியிலிருந்து ஒரு சாட்டைச் சத்தம். மறுபடி அழுத்தினால் அடுத்தது.

சுவிட்ச் வைப்பதற்காக அவள் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவர் மாப்பிள்ளை மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றார், நான் பின்னால் பக்கிள் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"கடைசி வரிசைக்கும் என் குரல் கேக்கணும், இன்னா?"

"கேக்கும்" என்றாள் அக்கா.

சாட்டைச் சத்தம் எப்படிப் பண்ணினாய் என்று கேட்டேன். நனைத்த கோணிப்பையை ஆணியில் மாட்டி பெல்ட்டால் அடித்துப் பதிவு பண்ணினாளாம். எந்த பெல்ட் என்று நான் கேட்கவில்லை. ஒத்திகையில் சூசை ஒவ்வொரு சத்தத்துக்கும் நெளிந்தார். அவர் மேல் விழுந்தது சிவப்புச் சாயத்தில் முக்கிய பஞ்சுக் கயிறு. "மச்சான், நீ அடிக்கறது வலிக்கல. சத்தத்தக் கேட்டாத்தான் முதுகு எரியுது" என்றார்.

நாடகத்தன்று சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கினோம். மைதானம் நிரம்பிவிட்டது. பக்கத்துப் பங்குகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தளபதி திரைக்குப் பின்னாலிருந்து மேடைக்கு நடந்து வந்தபோது, அந்த இரும்பு மிதிக்கே சனம் 'ஆ'வென்றது. அவர் மைக் எங்கே என்று தேடாமல் மேடை விளிம்பில் நின்று, "இவனைத் தூணில் கட்டுங்கள்!" என்று சொன்னார். எட்டுத் திசையிலிருந்தும் அவர் குரல் வந்தது. நான் மேடை ஓரத்தில் ஊசியும் நூலுமாக நின்றிருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

சூசையைக் கட்டினார்கள். தளபதி கையை ஓங்கினார். முதல் அடி. கோணிப்பைச் சத்தம்.

"தயவாயிரும் சுவாமி."

இரண்டாவது அடி. "தயவாயிரும் சுவாமி."

மூன்றாவது அடி வேறு மாதிரி இருந்தது. பெல்ட் விழுந்தது, கூடவே ஒரு மூச்சு. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. சனத்துக்குத் தெரியவில்லை. "தயவாயிரும் சுவாமி." அந்தச் சத்தம் நிற்கவும் இல்லை. அடுத்த அடியும் தானாகவே விழுந்தது. அப்புறம் குரல்.

"வாயத் தொறப்பியாடி? எவங்கிட்டச் சொல்லுவ? போய்ச் சொல்லு. கோயில்ல போய்ச் சொல்லு. எவன் நம்புவான் உன்ன?"

"தயவாயிரும் சுவாமி" என்றது மைதானம்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வது? ஆயிரம் பேர் சொன்னார்கள். என் வாயும் சொன்னது. புது வசனம் என்று நினைத்தார்களோ என்னவோ, அடி விழுந்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேடையில் மட்டும் தளபதி ஓங்கிய கையோடு நின்றிருந்தார். சிங்கத்தின் வாயிலிருந்து அவர் குரல் வந்துகொண்டிருந்தது, அவர் வாய் மூடியிருந்தது. நிறுத்துவதற்காகப் பட்டனை அழுத்தினார். அழுத்தினால் அடுத்தது வரும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிற்று. அடுத்தது வந்தது. வேறொரு மத்தியானம். வேறொரு அடி. மறுபடி அழுத்தினார். இன்னொரு மத்தியானம்.

"வேணாங்க" என்று ஒரு குரல் கேட்டது. "வேணாங்க. நேத்தி அடிச்ச எடம்."

அக்காவின் குரல். எட்டுக் குழாயிலும். அத்தனை வருஷத்தில் அவள் குரலைப் பக்கத்தில் குனியாமல் நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகுதான் சனத்துக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கிற குரல் ஆயிற்றே, யாருக்குத் தெரியாது! அடுத்த அடிக்குப் பாதிப் பேர்தான் "தயவாயிரும்" என்றார்கள். அதற்கடுத்த அடிக்கு முன்வரிசையில் ஒரு கிழவி மட்டும் சொன்னாள். பக்கத்திலிருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள். பதிவு தீர்ந்தது. மைதானத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

"டூப்பு!" என்று தளபதி கத்தினார். அதுவும் எட்டுக் குழாயில் போயிற்று. "இவ மிஷின்ல செட்டப் பண்ணியிருக்கா. எவனாச்சும் கேட்டிருக்கீங்களா? சொல்லுங்கய்யா, எங்க வீட்ல எவனாச்சும் இந்தச் சத்தத்தக் கேட்டிருக்கீங்களா?"

விசாரிக்க வந்த பெரியவர்கள் மூன்று பேரும் முதல் வரிசையில்தான் இருந்தார்கள். ஒருத்தர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் கேட்டிருக்கேன் மச்சான்."

சொன்னது சூசை. தூணில் கட்டியபடியே, முள்முடியோடு. அவருக்கு மைக் இல்லை. ஆனாலும் கேட்டது, அவ்வளவு அமைதி. "சவாரி உட்டுட்டு வரும்போது உன் வீட்டு முன்னாடி ஆட்டோவ நிறுத்தி நின்னு கேட்டிருக்கேன். கதவத் தட்டணும்னு வருவேன், தட்டாமப் பூடுவேன். மூணு வாட்டி." அவர் அழ ஆரம்பித்தார். சாயத்தில் கண்ணீர் ஓடியது.

"நானும் கேட்டேன்" என்று பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஓ, இத்தனை பேருக்கா கேட்டிருக்கிறது! நான் மட்டும்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். ஆமாம், இதற்குமேல் மரியாதை வராது. "கழட்டுடி இத!" என்றான். ஏழு பக்கிளும் முதுகில் இருந்தன. என் கை போகவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே காரியம் அதுதான். வாயைத் திறக்கவில்லை. அப்போதும் திறக்கவில்லை.

அவன் மேடையிலிருந்து குதித்து, சனத்தைப் பிளந்துகொண்டு வீட்டுக்கு நடந்தான். குதிகால் சுவிட்ச் வேலை செய்துகொண்டேயிருந்தது. ணங். ணங். ணங். ஆள் கண்ணுக்கு மறைந்த பிறகும் எட்டுக் குழாயிலும் அவன் நடை கேட்டது. தெரு திரும்பியது தெரிந்தது. நின்றது தெரிந்தது. மூச்சு வாங்கியது தெரிந்தது. ஓட ஆரம்பித்ததும் தெரிந்தது. தூரம் போகப் போக ரேடியோ இரைச்சல் ஏறி, நடை தேய்ந்து, கடைசியில் வெறும் இரைச்சல் மட்டும் நின்றது. அதுவரை ஒருத்தரும் இடத்தை விட்டு அசையவில்லை.

அக்கா எழுந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். பிறகு வயரை முழங்கையிலும் உள்ளங்கையிலுமாகச் சுற்ற ஆரம்பித்தாள், எந்தக் கல்யாணம் முடிந்தாலும் சுற்றுவதுபோல. சாமியார் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வயரின் மறுமுனையை எடுத்து அவரும் சிக்கெடுத்தார். அந்தக் களேபரத்தில் சூசையை அவிழ்க்க மறந்துவிட்டோம். அவரே கூப்பிட்ட பிறகுதான் யாரோ போய் அவிழ்த்தார்கள்.

சாமியார் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு மறுநாள் அவள் சிதம்பரம் போனாள். அண்ணனே வண்டி கொண்டுவந்தார். அவன் கவசத்தைக் கத்தியால் கிழித்துத்தான் கழற்றியிருந்தான். இரண்டு மாதத்தில் ஊரை விட்டே போய்விட்டான். தவக்காலத்தில், புனிதமான மேடையில் இப்படிப் பண்ணலாமா என்று அவளைத் திட்டியவர்களும் உண்டு. அடித்ததைவிட அதைக் கேட்கவைத்ததுதான் அவர்களுக்குப் பெரிய குற்றம். என் வீட்டுக்காரர் வேலை போகவில்லை. கம்பெனியில் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தப் பயத்துக்காக நான் பொய் சொன்னேனோ, அந்தப் பயத்தில் சரக்கே இல்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு மயக்கமே வந்தது.

மன்னிப்புக் கேட்கப் போக எனக்கு மூன்று வருஷம் ஆனது. 2012 ஜனவரி. புயலில் எங்கள் தெரு ஓடெல்லாம் பறந்து, மின்சாரம் திரும்பி வந்த சமயம். சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அவள் கடை. அதே மாதிரி நீள மேஜை, அதே புகை. கொஞ்சம் பருத்திருந்தாள். நன்றாக இருந்தாள். "வா பாப்பா. செருப்பு சத்தம் கேட்டே நீதான்னு தெரிஞ்சிட்டேன். புயல்ல மெஷினுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றாள்.

நான் உடைந்துவிட்டேன். அன்றைக்குப் பெரியவர்களிடம் பொய் சொன்னது, மேடையிலும் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் டீ வாங்கிக் கொடுத்து நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எப்படிக்கா பதிவு பண்ணின? அவனுக்குத் தெரியலியா?"

"மேஜ மேல இருவது செத்த பொட்டி. அதுல ஒண்ணு உசுரோட இருந்தா அவருக்கு இன்னா தெரியும்?" என்றாள். அப்புறம் இழுப்பறையைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தாள். "முழுசா யாரும் கேட்டதில்ல. நீ ஒருத்திதான் கேக்கணும்."

போட்டாள். பெல்ட். அவன் குரல். பெல்ட். நான் காதைப் பொத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அதற்குப் பின்னால், சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. மத்தியான நாடகம். பெல்ட் விழுந்தது. டிவி சத்தம் கொஞ்சம் ஏறியது. மறுபடி விழுந்தது. இன்னும் ஏறியது. அவள் "வேணாங்க" என்று சொன்னபோது அது முழுசாக ஏறி, அவள் குரலையே மூடிவிட்டது.

இவ்வளவு நேரம் உங்களிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. ரிமோட் என் கையில்தான் இருக்கும். மூன்று மணி ஆனால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

அவள் கேசட்டை நிறுத்தினாள்.

"எல்லாத்துலயும் இது இருந்துச்சி பாப்பா. மூணு நாள் ஒக்காந்து, இந்த டிவி இல்லாத எடமாப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன். நாலஞ்சி துண்டுதான் தேறிச்சி."

"ஏன்க்கா? அதையும் போட்டிருக்கலாமே. போட்டிருக்கணும்."

"அந்த நாடகம் அந்நேரத்துக்கு யாரு ஊட்ல ஓடும்னு தெருவுக்கே தெரியும்" என்றாள். "நானாச்சும் கெளம்பி வந்துட்டேன். நீ அங்கியே இருக்கணுமில்ல."

நான் இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறேன்.